வானத்திலே இரண்டு கும்பினிகள்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த தோழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விமானம். "பாகூர் ஏரியில் தண்ணீர் நிற்குமா, நெல்லுக்கு விலை கிடைக்குமா என்று நாங்கள் கவலைப்பட்டுக் கொண்டிருக்கிறோம், இவர் ஆகாயத்தைக் காட்டுகிறாரே!" என்று உங்களிலே சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதிலே தவறில்லை. ஆனால் நான் வேடிக்கை காட்ட வரவில்லை. கணக்குக் காட்ட வந்திருக்கிறேன். அந்த விமானத்தை வாங்கும் நாடு நம்முடையது. அதற்குக் கொடுக்கும் பணம் இந்த நாட்டில் உழைப்பவன் ஈட்டிய பணம். அந்தப் பணத்துக்கு ஈடாக உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் என்ன கிடைக்கிறது என்று கேட்பதற்கு, விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய தேவையில்லை.

பாகூர்த் தோழர்களுக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டித் தொடங்குகிறேன். 1752 செப்டம்பரில், பொழுது புலருமுன், இந்தப் பாகூர் மண்ணிலே ஒரு போர் நடந்தது. ஒருபுறம் ஆங்கிலேயக் கும்பினியின் படை. அதற்குத் தலைவன் லாரன்ஸ். மறுபுறம் பிரெஞ்சுக் கும்பினியின் படை. அதை நடத்தியவன் துய்ப்ளேக்சின் உறவினன் கெர்ழான். இருளிலே துப்பாக்கி முனைக் கத்திகள் மோதின. பிரெஞ்சுப் படை சிதறியது, படைத்தலைவனே சிறைப்பட்டான்.

எதற்காக அந்தப் போர்? ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு ஒருவனை இந்தக் கும்பினி தாங்கிற்று. இன்னொருவனை அந்தக் கும்பினி தாங்கிற்று. வில்லியனூரும் பாகூரும் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1749இல், சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த நன்றிக்கொடை. கொடுத்தவன் இந்த வயலில் ஏர் பூட்டியவன் இல்லை. வாங்கியவன் இந்த வயலில் நாற்று நட்டவன் இல்லை. நட்டவனையும் உழுதவனையும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வணிகம் செய்ய வந்த இரண்டு கும்பினிகள் மோதிக்கொண்டன; மிதிபட்டது நம் வயல்.

இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் இரண்டு கும்பினிகள் மோதிக் கொண்டிருக்கின்றன. ஒன்று அமெரிக்கக் கும்பினி; பெயர் போயிங். மற்றொன்று ஐரோப்பியக் கும்பினி, பெயர் ஏர்பஸ். மோதும் இடம் ஆகாயம். அவர்கள் கண் வைத்திருக்கும் பெருஞ்சந்தைகளுள் ஒன்று நம் நாடு.

பல கடைகள் இருந்த தெரு

போயிங் 1916இல் சியாட்டில் நகரிலே பிறந்தது. ஏர்பஸ் 1970இல் பிரான்சும் ஜெர்மனியும் கூடிப் பெற்ற பிள்ளை. பின்னர் ஸ்பெயினும் பிரிட்டனும் சேர்ந்துகொண்டன. அதன் தலைமை ஆலை இருப்பது தென்பிரான்சிலுள்ள துலூஸ் நகரில்.

தொடக்கத்தில் இந்தத் தெருவிலே பல கடைகள் இருந்தன. உலகின் முதல் ஜெட் பயணி விமானத்தை 1952இல் பறக்கவிட்டது பிரிட்டன். ‘காமெட்’ என்று பெயர். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் பிளந்து கடலில் விழுந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் மாறி மாறி அழுத்தம் தாங்கிய உலோகம் களைத்துப் போனது என்று ஆராய்ச்சி கண்டுபிடித்தது. உலோகத்துக்கும் களைப்பு உண்டு, தோழர்களே! பிரிட்டன் அந்தப் பாடத்தைக் கற்று முடிப்பதற்குள் 1958இல் போயிங் 707 பறக்கத் தொடங்கிவிட்டது. சந்தை அமெரிக்கர் கைக்குப் போயிற்று.

அமெரிக்காவிலும் மூவர் இருந்தனர்: போயிங், டக்ளஸ், லாக்ஹீட். பயணி விமானத் தொழிலில் நட்டப்பட்ட லாக்ஹீட் 1980களில் அதைக் கைவிட்டது. மெக்டானல் நிறுவனத்தோடு இணைந்திருந்த டக்ளசை 1997இல் போயிங் விழுங்கியது. இப்படியாக, பெரிய ஜெட் பயணி விமானம் வேண்டுமென்றால் உலகம் முழுவதும் இரண்டே வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை வந்தது. சீனா தன் சொந்த விமானத்தில் 2023 மே மாதம் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஆனாலும் அந்தக் கடை இன்னும் சிறு கடைதான்.

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ‘தொழிலில் அரசு தலையிடலாமா? சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்று நமக்கு உபதேசம் செய்பவர்கள் எவரோ அவர்கள் நாட்டில் நடப்பது என்ன? ஏர்பசுக்கு ஐரோப்பிய அரசுகள் கடன் கொடுத்தன. போயிங்குக்கு அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணமும் மாநிலங்களின் வரிச் சலுகையும் கிடைத்தன. "நீ கொடுத்தது முறையன்று" என்று ஒருவர்மேல் ஒருவர் 2004இல் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தனர். பதினேழு ஆண்டுகள் வழக்காடி, இருவருமே விதியை மீறியவர்கள் என்ற தீர்ப்பைப் பெற்று, 2021 ஜூனில் ஐந்தாண்டுக்குச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டனர். ஊருக்கு உபதேசம், தமக்கு உதவித்தொகை!

துண்டுக்குள் பேசும் விலை

மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்கள். தரகர் துண்டைப் போட்டு மூடுவார். அதற்குள்ளே கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விமானச் சந்தையும் அப்படியே. வெளியிலே சொல்வது ஒரு விலை. நூற்றுக்கணக்கில் வாங்குபவனுக்குத் துண்டுக்குள் கொடுப்பது வேறு விலை. அந்த உண்மை விலையை விற்பவனும் சொல்லமாட்டான், வாங்குபவனும் சொல்லமாட்டான்.

போட்டி இருப்பது வாங்குபவனுக்கு நல்லது என்பார்கள். உண்மைதான். அந்த மாட்டைக் காட்டி இந்த மாட்டின் விலையைக் குறைக்கலாம். ஆனால் மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். வில்லியனூர்ப் பானையைக்கூட நாம் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? போட்டி மிஞ்சிய இடத்தில் தட்டிப் பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டுவிட்டது. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

2010 டிசம்பரில் ஏர்பஸ் தன் ஏ-320 விமானத்துக்குப் புதிய எஞ்சின் பொருத்தப் போவதாக அறிவித்தது. எரிபொருள் குறையும் என்றதும் வாடிக்கையாளர் திரண்டனர். போயிங் பதறியது. புதிய விமானம் ஒன்றை வரைந்து கட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே 1967இல் முதன்முதல் பறந்த தன் பழைய 737 விமானத்துக்கே பெரிய எஞ்சினை மாட்டிவிட 2011இல் முடிவு செய்தது. 737 தரைக்கு மிகத் தாழ்வாக நிற்கும் விமானம். பெரிய எஞ்சின் அடியிலே கொள்ளவில்லை. முன்னே தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தினார்கள். அதனால் சில வேளைகளில் மூக்கு மேலே தூக்கும் இயல்பு வந்தது. அதைச் சரிக்கட்ட, மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் ஒரு கணினி ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த ஏற்பாடு நம்பியிருந்தது ஒரே ஓர் உணர்கருவியை. அது பொய் சொன்னால்? அதற்கு மாற்று இல்லை. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதையே விமானிகளுக்குச் சொல்லவில்லை. ஏன்? ‘இதை ஓட்டப் பெரிதாக மறுபயிற்சி வேண்டாம், செலவு மிச்சம்’ என்று சொல்லி விற்கவேண்டும் அல்லவா?

2018 அக்டோபர் 29: இந்தோனேசியாவில் ஒரு விமானம் கடலில் பாய்ந்தது, 189 உயிர். அதை ஓட்டியவர் நம் டில்லியைச் சேர்ந்த இளைஞர். 2019 மார்ச் 10: எத்தியோப்பியாவில் மற்றொன்று மண்ணில் பாய்ந்தது, 157 உயிர். ஐந்து மாதத்துக்குள் 346 பேர்! சோதித்துச் சான்று தரவேண்டிய அமெரிக்க அரசுத் துறை, அந்தச் சோதனையின் பெரும்பகுதியைப் போயிங்கின் ஊழியரிடமே ஒப்படைத்திருந்தது. வேலியை மேய்ச்சலுக்கு விட்டபின் பயிர் எப்படி மிஞ்சும்?

அதே காலத்தில் இன்னொரு கணக்கு. 2013 முதல் 2019 வரை போயிங் தன் சொந்தப் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி விலை ஏற்றுவதற்குச் செலவிட்ட தொகை 4,300 கோடி டாலர். புதிய விமானம் கட்டப் பணமில்லை என்று யார் சொன்னது? ஆலையில் திருகாணி முடுக்குபவனின் எச்சரிக்கையைவிடப் பங்குச் சந்தையின் கைதட்டல் இனித்தது. 2024 செப்டம்பரில் அதே ஆலையின் 33,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ ஏழு வாரம் நின்று, நான்காண்டுக்கு 38 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றனர். அந்த ஆலையிலும் உழைப்பவன் போராடித்தான் பெறுகிறான் என்பதை நீங்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

அப்படியானால் ஏர்பஸ் உத்தமனோ? ஒப்பந்தம் பெறப் பல நாடுகளில் கையூட்டுக் கொடுத்த குற்றச்சாட்டுகளைத் தீர்க்க, 2020 ஜனவரியில் பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்ட நிறுவனம் அது. ஒருவன் அவசரத்தில் தவறினான். ஒருவன் ஆசையில் தவறினான். ஒருவனை வெறுத்து மற்றவனை வணங்குவது நம் வேலையன்று.

நம் வாசலில் நடந்தது

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1932இல் டாட்டா தொடங்கிய விமானத் தொழிலை 1953இல் நாடு தன்னுடைமையாக்கியது. 1960இல் ஏர் இந்தியா போயிங் 707ஐ ஓட்டியது. 1976இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பசின் முதல் விமானமான ஏ-300ஐ வாங்கியது. அந்தப் புதுக்கடைக்குக் கைகொடுத்த தொடக்க கால வாடிக்கையாளருள் நாமும் ஒருவர்.

1984இல் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 757 வாங்கும் எண்ணத்தில் இருந்தது. அடுத்த ஈராண்டுக்குள் காற்று திசை மாறியது, ஏ-320க்கு ஒப்பந்தமாயிற்று. 1990 பிப்ரவரி 14ஆம் நாள் பெங்களூரில் அத்தகைய விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்னரே விழுந்து 92 பேர் மாண்டனர். அதே ஆண்டில் அந்தக் கொள்முதல் குறித்து மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. துண்டுக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு நாட்டு மக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மீண்டும் 2005-06இல் இரண்டு அரசு நிறுவனங்களுக்குமாக 111 விமானங்கள்: 68 போயிங்கிடம், 43 ஏர்பசிடம். இருவர் மனமும் குளிர்ந்தது. கடன் மட்டும் நம் தலையில் ஏறியது. இந்தக் கொள்முதலைக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2011 அறிக்கையில் கடுமையாகக் குறைகூறினார். இறுதியில் 2022 ஜனவரியில் ஏர் இந்தியா 18,000 கோடி ரூபாய் மதிப்பில் டாட்டாவிடமே திரும்பிப் போயிற்று. அதில் அரசின் கைக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. மிச்சம் கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு.

அதன்பின் வந்ததுதான் பெருஞ்சந்தை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு அறிவிப்புச் செய்தது: ஏர்பசுக்கு 250, போயிங்குக்கு 220. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே கையெழுத்தில் ஏர்பசிடம் 500 விமானங்கள் கேட்டது. அதுவரை உலகில் எந்த நிறுவனமும் ஒரே ஒப்பந்தத்தில் அத்தனை கேட்டதில்லை.

இங்கேதான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். ஏர் இந்தியா அறிவிப்பு வந்த அன்று பிரெஞ்சு அதிபர் காணொளியில் வந்து அமர்ந்தார். அமெரிக்க அதிபர் பைடன், ‘இந்த வாங்குதல் எங்கள் 44 மாநிலங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகளுக்குத் துணையாகும்’ என்று மகிழ்ந்து அறிவித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தன் நாட்டுத் தொழிலாளியின் வேலையை எண்ணிப் பார்ப்பது ஒரு தலைவனின் கடமை. விற்றவன் தன் வீட்டுக்கு வந்த வேலையை எண்ணிச் சொன்னான். வாங்கியவன் தன் வீட்டுக்கு எத்தனை வேலை வரும் என்று அதே போல எண்ணி, ஊரறியச் சொன்னானா?

நமக்கு வந்த பங்கு

ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பெங்களூரில் விமானக் கதவுகள் செய்கிறார்கள். ஐதராபாத்தில் போயிங் 737இன் வால் நிமிர்பாகம் செய்கிறார்கள். இரு கும்பினிகளும் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இந்தியாவில் உதிரிப் பாகங்கள் வாங்குகின்றன. 2025 நவம்பரில் ஐதராபாத்தில் பிரெஞ்சு நிறுவனமான சாப்ரான் ஜெட் எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையம் திறந்தது. இவையெல்லாம் நம் பிள்ளைகளின் கைத்திறனுக்குச் சான்று. கதவு செய்யத் தெரிந்த கைக்கு முழு விமானம் கோர்க்கத் தெரியாதா?

சீனா என்ன செய்தது? ‘உன்னிடம் வாங்குகிறேன்; என் மண்ணில் வந்து கட்டு’ என்றது. 2008இல் தியன்ஜின் நகரில் ஏ-320 கோர்க்கும் ஆலை திறந்தது. அங்கே கற்ற நாடு இன்று தன் சொந்த விமானத்தைப் பறக்கவிடுகிறது. நம் மண்ணில் பெரிய ஜெட் பயணி விமானம் முழுமையாகக் கோர்க்கும் ஆலை இன்றுவரை இல்லை. இத்தனைக்கும் நாம் புதியவர்களா? பிரிட்டனின் வடிவத்தைப் பெற்றுக் கான்பூரில் கட்டிய ஆவ்ரோ விமானம் 1961இலேயே பறந்தது. இந்தியன் ஏர்லைன்சும் அதை ஓட்டியது. 2025 அக்டோபரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ரஷ்ய நிறுவனத்தோடு சிறிய ஜெட் பயணி விமானம் கட்டப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. நல்லது. ஆனால் தாளில் போட்ட கையெழுத்து ஆலையில் போட்ட திருகாணி ஆகிவிடாது. கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது நடக்கும்.

சார்ந்தே வாழ்பவன் நிலை என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் என்னும் விமான நிறுவனம், அமெரிக்க எஞ்சின் கும்பினி உரிய காலத்தில் எஞ்சின் தரவில்லை என்று குற்றஞ்சாட்டித் திவால் மனுக் கொடுத்தது. விமானம் தரையில் நின்றது. ஆயிரக்கணக்கான ஊழியர் தெருவில் நின்றனர்.

நம் லாஸ்பேட்டையையே பாருங்கள். ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர். போயிங் 737க்கும் ஏ-320க்கும் அது போதாது; நீட்ட வேண்டுமானால் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு நிலம் வேண்டும். ஆகவே 2024 டிசம்பர் 20இல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கியது சுழல்விசிறி பூட்டிய சிறிய ஏ.டி.ஆர். விமானச் சேவை. பெரிய கும்பினிகளின் சண்டை நம் ஊருக்கு வரவில்லை என்று நினைக்கிறீர்களா? அந்தச் சிறிய விமானமும் துலூஸ் நகரில் கட்டப்படுவதுதான். அதைக் கட்டும் நிறுவனத்தில் சரிபாதி ஏர்பசுக்குச் சொந்தம்! நிலத்தை எடுத்து ஓடுபாதையை நீட்டச் சொல்லும் குரல் நாளை மீண்டும் எழும். அப்போது நிலம் கொடுப்பவன் யார், பயன் பெறுபவன் யார் என்ற கேள்வியும் உடன் எழவேண்டும்.

கேட்க வேண்டியவை

தோழர்களே! மூன்று கேள்விகளை இந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துச் செல்லுங்கள். டீக்கடையில் பேசுங்கள், படிப்பகத்தில் விவாதியுங்கள், வாக்குக் கேட்டு வருபவரிடம் வையுங்கள்.

முதலாவது: வாங்கும் ஒவ்வொரு நூறு விமானத்துக்கும் ஈடாக இந்த மண்ணில் எத்தனை வேலை, என்ன தொழில்நுட்பம்? ‘வாங்குவது தனியார், அரசு என்ன செய்யும்?’ என்பார்கள். விற்பதும் தனியார்தானே? அதற்காக அமெரிக்க அதிபரும் பிரெஞ்சு அதிபரும் சும்மா இருந்தார்களா? 

இரண்டாவது: விமானப் பராமரிப்பு கற்பிக்கும் பயிற்சி நம் ஐ.டி.ஐ.களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் எப்போது வரும்? பஞ்சாலைகள் மூடிய புதுவையில், இயந்திரம் பழகிய குடும்பத்துப் பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். திருகாணியின் இறுக்கத்தை விரலால் அறியும் திறமை அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது.

மூன்றாவதுதான் தலையாயது. தட்டிப் பார்க்கும் கை எங்கே? விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நம் இயக்குநரகத்தில் ஏறத்தாழப் பாதி இடங்கள் காலியாக இருப்பதை 2025இல் நாடாளுமன்றக் குழுவே சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் மாண்டனர். குற்றம் எவருடையது என்று நாம் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதக்கூடாது. அது விசாரணையின் வேலை. ஆனால் முழு உண்மையும் வெளிவரவேண்டும் என்று கேட்பது நம் வேலை. செய்தவன், ஓட்டியவன், பராமரித்தவன், கண்காணித்தவன் என்று எவரிடமும் தாட்சண்யம் கூடாது. விமானத்தில் ஏறாத மனிதனும் விமானத்தால் சாகக்கூடும் என்பதை அந்தப் பத்தொன்பது பேர் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முடிக்கும் முன் ஒரு சொல். பாகூரைச் சொல்லித் தொடங்கினேன். வில்லியனூர்ப் பக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1754இல் துய்ப்ளேக்சைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. அதிலிருந்து சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபர் 18ஆம் நாள், நம் கீழூரிலே வாக்கெடுப்பு நடந்தது. 178 பேராளர்கள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு ஆட்சி மூட்டை கட்டியது. பாகூரில் நம்மை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நாம் போர்க்களமாக இருந்தோம். கீழூரில் நம் சார்பில் வாய் திறந்து சொன்னார்கள்; அதனால் நாம் குடிமக்களானோம்.

வானத்திலே இரண்டு கும்பினிகள் மோதட்டும். விலை குறையட்டும், தரம் உயரட்டும். அந்தப் போட்டியில் நாம் பாகூர் வயலாக இருக்கப் போகிறோமா, கீழூர் மன்றமாக இருக்கப் போகிறோமா? அடுத்த முறை உங்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் போகும்போது அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைச் சொல்லுங்கள்.